அமெரிக்கன் கார்னரில் ஆறு மாதம்: மையம் தேடுவது முதல் ஐம்பது நாணயங்கள் வரை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த மகள், வயது 22, அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், கல்லூரி முடித்திருக்கிறார். மேற்படிப்புக்கு முன் ஆறு மாதம் வேறொரு நாட்டில் ஒரு பண்பாட்டு மையத்தில் தங்கி, அமெரிக்க அன்றாட வாழ்க்கையைப் பற்றி அங்குள்ளவர்களோடு பேசும் தன்னார்வப் பணி செய்ய ஆசைப்படுகிறார். எங்கே கேட்பது, விசா என்ன, செலவு யாருடையது, அங்கே போய் என்னதான் செய்வது, தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை அமெரிக்கர் என்று ஏற்றுக்கொள்வார்களா? பெற்றோர் கேட்பது இவ்வளவும்.

யோசனை நல்லது, நடக்கக்கூடியதும்தான். ஆனால் "அமெரிக்காவை அறிமுகப்படுத்தப் போகிறேன்" என்று கிளம்புகிறவர்கள்தான் முதலில் தடுமாறுவார்கள். மையத்துக்கு வருகிறவர்கள் அமெரிக்காவைத் திரையில் ஏற்கெனவே ஏகப்பட்டது பார்த்தவர்கள். நியூயார்க்கின் உயரமான கட்டடங்களை உங்கள் மகள் போய்க் காட்ட வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாதது வேறு: குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை தெருவோரம் இழுத்து வைக்கிறார்கள், பள்ளி பஸ் சிவப்பு விளக்கைப் போட்டால் 25 அடி தள்ளியே கார்கள் ஏன் நின்றுவிடுகின்றன, 16 வயதுப் பையன் மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுத்துச் சம்பாதித்ததை என்ன செய்கிறான். அந்த அளவுக்குச் சின்னதாக இறங்கினால் ஆறு மாதத்துக்கும் விஷயம் பஞ்சமில்லை.

முதலில் மையங்களின் வகை. அமெரிக்க வெளியுறவுத் துறை ஆதரிக்கும் மையங்களுக்குப் பொதுப்பெயர் 'அமெரிக்கன் ஸ்பேஸ்'. ஆங்கிலப் பயிற்சி, அமெரிக்காவில் படிப்பது பற்றிய ஆலோசனை, அமெரிக்கா பற்றிய தகவல், பண்பாட்டு நிகழ்ச்சிகள், அமெரிக்கப் பரிமாற்றத் திட்டங்களில் போய்வந்தவர்களை ஒன்றுசேர்ப்பது என்று ஐந்து வேலைகள் இவற்றுக்கு. 1953 முதல் 1999 வரை இதையெல்லாம் அமெரிக்கத் தகவல் நிறுவனம் என்ற தனி அமைப்பு பார்த்துவந்தது. 1999 அக்டோபரில் அது வெளியுறவுத் துறையோடு சேர்க்கப்பட்டது.

இவற்றுள் 'அமெரிக்கன் சென்டர்' என்பது தூதரகமோ துணைத் தூதரகமோ நேரடியாக நடத்துவது. சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தருகே துணைத் தூதரக வளாகத்துக்குள் இருப்பது இந்த வகை. இங்கே பாதுகாப்புச் சோதனை கடுமை, வேலை செய்கிறவர்கள் சம்பள ஊழியர்கள், வெளியாள் ஒருவரைப் பல மாதம் உள்ளே வைத்துக்கொள்வது எளிதல்ல. 'அமெரிக்கன் கார்னர்' என்பது உள்ளூர் நூலகம், பல்கலைக்கழகம், நகராட்சி போன்ற ஓர் அமைப்பு இடமும் ஆளும் கொடுக்க, தூதரகம் புத்தகம், கணினி, நிகழ்ச்சிப் பணம் கொடுத்து நடப்பது. பெரும்பாலும் ஓர் அறை அல்லது இரண்டு, ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளர். மூன்றாவது, லத்தீன் அமெரிக்காவில் வேரூன்றிய இருநாட்டு மையங்கள். லிமாவில் 1938-இல் தொடங்கிய பெரு-வட அமெரிக்கப் பண்பாட்டுக் கழகம், பொகோட்டாவின் கொலொம்போ அமெரிக்கானோ, பிரேசிலியாவின் காசா தாமஸ் ஜெஃபர்சன் போன்றவை. இவை தனி அறக்கட்டளைகள், ஆங்கில வகுப்புக் கட்டணத்தில் ஓடுபவை. ஜெர்மனியில் ஹைடல்பெர்க், டூபிங்கன், நியூரம்பெர்க் நகரங்களின் ஜெர்மன்-அமெரிக்க நிறுவனங்கள் இன்னொரு ரகம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த அமெரிக்க இல்லங்களின் வழியில் வந்தவை, இப்போது உள்ளூர் அரசுகளின் பணமும் சேர்ந்து நடக்கின்றன.

22 வயதில் முதல் தடவை போகிறவருக்கு என் பரிந்துரை கார்னர் அல்லது இருநாட்டு மையம். கார்னரின் ஒருங்கிணைப்பாளர் தனியாளாக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் பேசும் ஒருவர் வாரம் மூன்று நாள் தவறாமல் வருவார் என்றால் அவருக்கு அது பெரிய உதவி. இருநாட்டு மையத்தில் மாணவர் கூட்டம் எப்போதும் உண்டு, பேச்சுப் பயிற்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் முன் மையம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தூதரகத்தின் வரவுசெலவு மாறும், இடம் கொடுத்த அமைப்பின் ஒப்பந்தம் முடியும், இணையப் பக்கம் மட்டும் அப்படியே நிற்கும். கடந்த 30 நாளில் அந்த மையத்தின் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நிகழ்ச்சி அறிவிப்பு, படம் ஏதும் வந்திருக்கிறதா என்பதுதான் நம்பத்தகுந்த அடையாளம். அங்கே காணும் நிகழ்ச்சிகளில் எவை வாரந்தோறும் நடக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் அது பயன்படும்.

கடிதம் தூதருக்குப் போக வேண்டியதில்லை. மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, தூதரகத்தின் பொதுத் தொடர்புப் பிரிவுக்கு ஒரு நகல் போட்டால் போதும். அரைப்பக்கம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தங்குமிடமும் செலவும் தன்னுடையது என்ற உறுதி, அதன்பின் ஏற்கெனவே நடக்கும் எந்த நிகழ்ச்சியில் என்ன செய்ய முடியும் என்பது. "எது வேண்டுமானாலும் செய்வேன்" என்று எழுதினால் அவருக்கு ஒரு வேலை கூடுகிறது, ஏனென்றால் என்ன செய்வது என்பதை அவரே யோசிக்க வேண்டும். "புதன்கிழமை கான்வர்சேஷன் கிளப்பில் (ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் கூடல்) தொடக்க நிலையினரைத் தனிக் குழுவாகப் பிரித்து நடத்துகிறேன்" என்று எழுதினால் அவருக்கு ஒரு வேலை குறைகிறது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதிலில்லையென்றால் அடுத்த மையம். நான்கைந்து மையங்களுக்கு எழுதுவதில் தவறில்லை.

மாதக் கணக்கும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் கார்னர் ஜூலை, ஆகஸ்ட்டில் வெறிச்சோடிக் கிடக்கும். பெரு போன்ற தென்கோள நாடுகளில் பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, அங்கே ஜனவரியில் போய் இறங்கினால் ஆளிருக்காது. முஸ்லிம் நாடுகளில் ரம்ஜான் மாதம் முழுக்க நேர அட்டவணை மாறும், மாலை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நிற்கும். மூன்று மாதத்துக்குக் குறைவாகப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வருகிறவர்கள் கூச்சம் விட்டு வாய் திறக்கவே நான்கைந்து வாரம் ஆகும்.

விசாவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சம்பளம் இல்லாவிட்டால் அது வேலை இல்லை என்பது நம் நினைப்பு. பல நாடுகளின் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. தாய்லாந்தில் சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கும் பொருத்தமான விசாவும் வேலை அனுமதியும் கேட்பது வழக்கம். ஐரோப்பாவின் ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான், ஆறு மாதத்துக்கு அது காணாது. ஜெர்மனி, அமெரிக்கர்கள் விசா இல்லாமல் வந்து இறங்கிய பின் உள்ளூர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க விடுகிறது. அனுமதி கைக்கு வரும்முன் பணியைத் தொடங்கக் கூடாது. எந்த நாடானாலும் மையத்திடமிருந்து முத்திரையிட்ட அழைப்புக் கடிதம் வாங்குங்கள். பணியின் தன்மை, தேதி, சம்பளம் இல்லை என்பது மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதை வைத்து அந்த நாட்டின் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதுதான் பாதுகாப்பு. "நாங்கள் எப்போதும் டூரிஸ்ட் விசாவில்தான் ஆளெடுக்கிறோம்" என்று மையமே சொன்னாலும், விமான நிலையத்தில் பதில் சொல்லப்போவது உங்கள் மகள்தான்.

சென்னைக்குப் போகலாமா என்று பல குடும்பங்கள் நினைக்கும். வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் எல்லாம் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த இந்திய உள்துறை அறிவிக்கையின்படி, வெளிநாட்டுத் தூதரகத்திலோ வெளிநாட்டு அரசு அமைப்பிலோ இன்டர்ன்ஷிப் செய்ய ஓசிஐ அட்டைதாரர்கள் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்கன் சென்டர் துணைத் தூதரகத்தின் பகுதி என்பதால் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் கால் வைக்கக் கூடாது. சாதாரண இந்தியச் சுற்றுலா விசாவில் பணம் பெறாத குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு இடமுண்டு, அதுவும் அதிகபட்சம் ஒரு மாதம்.

இலங்கையில் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்கன் கார்னர்கள் இயங்கி வந்திருக்கின்றன. தமிழ் தெரிந்தவருக்கு யாழ்ப்பாணம் இயல்பாகவே கண்ணில் படும். 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற கல்விக்கூடம் தொடங்கிய மண் அது, அமெரிக்கர் என்பது அங்கே புதுச் சொல் இல்லை. மொழி தெரிவதில் ஒரு சிக்கல் உண்டு: பத்தாவது நிமிடத்தில் பேச்சு தமிழுக்கு வழுக்கிவிடும், ஆங்கிலம் பழக வந்தவர் பழகாமல் போவார். முதல் 40 நிமிடம் ஆங்கிலம், கடைசி 15 நிமிடம் தமிழ் என்று பலகையில் எழுதிவைத்துவிடுவது நல்லது.

காவல்துறை நன்னடத்தைச் சான்று பல நாடுகள் கேட்கும். அமெரிக்கருக்கு அது எஃப்பிஐ தரும் அறிக்கை, கட்டணம் 18 டாலர், கைரேகை கொடுக்க வேண்டும். அதன்மேல், ஆவணம் உண்மையானது என்று வேறு நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை கேட்டால் கவனம்: எஃப்பிஐ அறிக்கை கூட்டாட்சி அரசின் ஆவணம், ஆகவே வாஷிங்டனில் வெளியுறவுத் துறைதான் அதற்கு முத்திரை போடும், ஆவணத்துக்கு 20 டாலர். மாநிலத் தலைநகருக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் மூன்று வாரம் போயிருக்கும். பிறப்புச் சான்றிதழ் மாநில ஆவணம், அதற்குத்தான் மாநில அலுவலகம். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிக் காலம் இழப்பவர்கள் அதிகம். பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

மகள் குடியுரிமை உள்ளவர், அவருக்குத் திரும்பி வருவதில் தடையில்லை. கிரீன் கார்டு வைத்திருக்கும் வேறு பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று மனதில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கு கேள்விக்குள்ளாகும். ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும் என்றால் கிளம்பும் முன்பே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

செலவு முழுக்கத் தன்னார்வலருடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கார்னர் வீடு தராது, சாப்பாடு தராது. இருநாட்டு மையங்களில் சில சமயம் உள்ளூர் மொழி வகுப்பை இலவசமாகக் கொடுப்பார்கள், கேட்டால்தான். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை மகள் இருக்கலாம், ஆனால் வெளிநாட்டில் அது அவசர சிகிச்சைக்கு மேல் பெரும்பாலும் உதவாது. வேறு நாட்டுக்குத் தூக்கிச் செல்லும் மருத்துவ வெளியேற்றச் செலவும் சேர்ந்த தனிக் காப்பீடு தேவை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அங்கே அனுமதிக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்காவில் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் ஆடரால் மாத்திரையை ஜப்பானுக்குள் சட்டப்படி கொண்டுபோகவே முடியாது. பணம் வாங்கிக்கொண்டு தன்னார்வப் பணி ஏற்பாடு செய்யும் நிறுவனங்களை இந்த வேலைக்கு நாட வேண்டியதில்லை. மையத்தோடு நேரடியாகப் பேசுவது முழுக்க முழுக்க இலவசம்.

இனி பெட்டியில் என்ன வைப்பது. சட்டைத் துணியைக் குறைத்து, தட்டையான பொருள்களைக் கூட்டுங்கள்: மளிகைக் கடையின் வார விலைப்பட்டியல், பள்ளி மதிய உணவுப் பட்டியல், முகவரியை மறைத்த மின்கட்டண ரசீது, குடியரசுத் தலைவர் தேர்தலின்போது உங்கள் ஊருக்கு வந்த மாதிரி வாக்குச்சீட்டு, பள்ளி இயர்புக், நூலக அட்டை. இந்த மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றே ஒரு முழு மாலைக்குப் போதும். குடியரசுத் தலைவர் வேட்பாளர் பெயரோடு பள்ளிக் குழு வேட்பாளர் பெயரும், நூலகத்துக்குக் கூடுதல் வரி போடலாமா என்ற கேள்வியும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த பொருள் ஐம்பது குவார்ட்டர் நாணயங்கள். 1999 முதல் 2008 வரை அமெரிக்க நாணயச் சாலை ஆண்டுக்கு ஐந்து மாநிலமாக, மாநிலங்கள் நாட்டில் சேர்ந்த வரிசையில், கால் டாலரின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் சின்னத்தையும் அச்சிட்டது. முதலில் டெலவேர், கடைசியில் ஹவாய். ஐம்பதும் சேர்ந்து 12.50 டாலர்தான், எடை 300 கிராமுக்கும் குறைவு. சில்லறையிலிருந்தே மெல்லச் சேர்க்கலாம், வங்கியில் 10 டாலர் சுருள் ஒன்றிரண்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தால் சீக்கிரம் நிறையும்.

விளையாட்டு இப்படி. சுவரில் பெயர் எழுதாத அமெரிக்க வரைபடம். ஆளுக்கொரு நாணயம், இருவருக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. படத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் விவரிக்க வேண்டும், ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்று ஊகிக்க வேண்டும், பிறகு வரைபடத்தில் இடம் தேட வேண்டும். ஜார்ஜியாவில் பீச் பழம், விஸ்கான்சினில் பசு மாடும் பாலாடைக் கட்டியும் சோளக் கதிரும், அலாஸ்காவில் சால்மன் மீனைக் கவ்விய கரடி. அலபாமா நாணயத்தில் ஹெலன் கெல்லர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் பெயர் பிரெய்லில். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், அறை அமைதியாகும். ஒஹாயோ நாணயமும் வட கரோலினா நாணயமும் கிடைத்தவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டிலும் பழைய விமானம் இருக்கும். ரைட் சகோதரர்கள் வளர்ந்தது ஒஹாயோவின் டேட்டனில், 1903-இல் பறந்தது வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகே. இரண்டு மாநிலமும் உரிமை கொண்டாடுகின்றன. யார் சொல்வது சரி என்று கேட்டால் வாயே திறக்காதவரும் கட்சி சேர்ந்து வாதாடுவார். அடுத்த வாரம், தங்கள் மாவட்டத்துக்கு நாணயம் அடித்தால் என்ன படம் போடுவார்கள் என்று வரையச் சொல்லுங்கள். அப்போது கற்றுக்கொள்கிறவர் உங்கள் மகள்.

கான்வர்சேஷன் கிளப் மையத்தின் இதயம். 60 நிமிடம், 15 முதல் 20 பேர் என்று வைத்துக்கொண்டால் முதல் 10 நிமிடம் சூடேற்றல், அடுத்த 15 நிமிடம் ஒரு பொருளையோ படத்தையோ பார்த்துப் பேசுவது, 20 நிமிடம் இருவர் இருவராக, மீதி எல்லோரும் சேர்ந்து. நாற்காலிகள் வட்டமாக, மேசை நடுவில் வேண்டாம். தன்னார்வலர் பேசும் நேரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அது சொற்பொழிவாகிவிடும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கேள்வி கேட்டுவிட்டு இரண்டு வினாடிகூடப் பொறுக்காமல் தாமே பதில் சொல்வது. வேற்றுமொழியில் வாக்கியம் கட்ட நேரம் பிடிக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நன்றாகப் பேசும் இருவர் மொத்த நேரத்தையும் விழுங்குவது எந்த ஊரிலும் நடக்கும். ஆளுக்கு மூன்று மொச்சைக்கொட்டை கொடுத்து, ஒரு தடவை பேசினால் ஒன்றைக் கிண்ணத்தில் போடச் சொன்னால் சண்டையில்லாமல் சரியாகும்.

முதல் வாரம் எதையும் நடத்தக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் வழக்கமாக வருகிறார்கள், எந்தப் பிள்ளை வீட்டுப்பாடத்துக்குக் கணினி தேடி வருகிறது, ஒருங்கிணைப்பாளருக்கு எந்த வேலை பாரம் என்று பார்த்தபின் அட்டவணை போடலாம். போட்டபின் கிழமையையும் நேரத்தையும் மாற்றவே கூடாது. இரண்டு பஸ் மாறி வருகிறவர் ஒரு தடவை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி வரமாட்டார்.

சமையல் நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேரும், கோளாறும் அதில்தான் அதிகம். வாஃபிள் சுடும் மின்கருவியை அமெரிக்காவிலிருந்து தூக்கிப் போகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 220 முதல் 240 வோல்ட். பிளக் அடாப்டர் முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்போது சூடேற்றும் கம்பி நாலு மடங்கு அளவு சக்தியை இழுத்துக் கருகிவிடும். ஓவன் அடுப்பு இல்லாத மையத்தில் பேன்கேக் போதும், தட்டையான கல் இருந்தால் ஆயிற்று. 20 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால்: மைதா 720 கிராம், பால் 1.2 லிட்டர், முட்டை 4, சர்க்கரை 8 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 12 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 180 கிராம். மாவில் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். தோசை மாவு போல வழவழப்பாக அடித்தால் பசைத்தன்மை கூடி ரப்பராகும். ஒரு கல்லில் ஒரு தடவைக்கு இரண்டு, இருபுறமும் வேக மூன்று நிமிடம் என்றால் 40-க்கு ஒரு மணி நேரம். ஆகவே பாதியை முன்பே சுட்டுத் துணியில் மூடி வையுங்கள், மீதியை வந்தவர்கள் கையால் ஊற்றட்டும். மேப்பிள் சிரப் கிடைக்காத ஊரில் உள்ளூர்த் தேனோ பாகோ போதும், "எங்கள் ஊரில் இதுக்கு மர நீரைக் காய்ச்சி ஊற்றுவோம்" என்று சொல்லிவிட்டால் சரி.

முஸ்லிம்கள் வரும் மையத்தில் மார்ஷ்மெல்லோ வைப்பதற்கு முன் பொட்டலத்தின் பின்பக்கம் படியுங்கள், அதில் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. ஹலால் முத்திரை உள்ளது தனியாகக் கிடைக்கும். வெனிலா எசன்ஸிலும் கவனம்: அமெரிக்கச் சட்டப்படி 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயர் வாங்க அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் என்னென்ன சேர்த்தது என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவைப்பது மரியாதை. கடலை வெண்ணெய் இருந்தால் ஒவ்வாமை பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படம் போடுவதற்கும் ஒரு வார்த்தை. சொந்த நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் மையத்துச் சுவரில் படம் ஓட்டுவது சந்தா விதிக்கு எதிரானது. பொதுத் திரையிடல் உரிமம் தூதரகத்திடம் எந்தப் படங்களுக்கு இருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு அவற்றையே போட வேண்டும். படங்களுக்குப் பதில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் பழைய புகைப்படங்கள், நாசாவின் புகைப்படங்கள் தாராளமாகப் பயன்படும்.

கடினமான கேள்விகள் இரண்டாம் வாரமே வரும்: துப்பாக்கி, இனப் பாகுபாடு, மருத்துவச் செலவு, தெருவில் தூங்குகிறவர்கள். மழுப்பினால் நம்பிக்கை போய்விடும், மொத்த நாட்டுக்கும் தீர்ப்புச் சொன்னால் அது பொய்யாகிவிடும். முதலில் என் ஊரில் நான் பார்த்தது, பிறகு சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் எப்படி மாறுகிறது, பிறகு அமெரிக்கர்களுக்குள்ளேயே எதில் கருத்து வேறுபாடு என்ற வரிசையில் சொன்னால் நேர்மையாகவும் இருக்கும், பேச்சும் வளரும். கட்சி அரசியலும் அந்த நாட்டின் அரசியலும் வேண்டாம். தூதரகத்தின் குரல் தான் அல்ல என்பதை மகள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

விசா கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் வரும். அதற்கு ஒரே பதில், "எனக்குத் தெரியாது, இணையதளத்தில் தூதரகத்தின் விசாப் பக்கம் இது". விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, சிபாரிசுக் கடிதம் எழுதுவது, யாருடைய பாஸ்போர்ட்டையோ பணத்தையோ கையில் வாங்குவது எதுவும் கூடாது. மாணவர் விசா கேட்பவர் குடியேற வருகிறவர் என்றே அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு முதலில் எடுத்துக்கொள்கிறது, அதை மாற்றி நிரூபிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர். வெளியாள் சொல்லும் தவறான ஓர் அறிவுரை ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கும். படிப்பு பற்றிய கேள்வியை, அமெரிக்காவில் படிப்பது பற்றி வெளியுறவுத் துறை ஆதரவில் ஆலோசனை தரும் எஜுகேஷன்யுஎஸ்ஏ அமைப்பின் ஆலோசகரிடம் அனுப்பலாம், பல மையங்களில் அவர் வாரம் ஒருநாளாவது வருவார்.

சின்னப் பிள்ளைகளோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பெற்றோர் அனுமதி இல்லாமல் அவர்கள் முகத்தைப் படமெடுத்துப் போடக் கூடாது. சொந்தத் தொலைபேசி எண்ணுக்குப் பதில் மையத்தின் குழுவை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. "நீ நிஜமாக எந்த நாடு?" என்று நிச்சயம் கேட்பார்கள், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமல். பொன்னிற முடியை எதிர்பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்றம்கூட. இதற்கு வருத்தப்படத் தேவையில்லை, அதையே ஒரு மாலை நிகழ்ச்சியாக ஆக்கலாம். 1946-இல் வந்த அமெரிக்கச் சட்டம் இந்தியர்கள் குடியேற ஆண்டுக்கு 100 இடம்தான் கொடுத்தது. 1965-இல் நாட்டுவாரிப் பழைய ஒதுக்கீட்டை நீக்கிய சட்டம் வந்த பிறகே பொறியாளர்களும் மருத்துவர்களும் குடும்பங்களோடு வந்து சேர்ந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளையும் பலகையில் எழுதிவிட்டு, வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே எடுத்த ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொல்லுங்கள்: மேல்தட்டில் இட்லி மாவுப் பாத்திரம், கதவில் சாலடில் ஊற்றும் ரான்ச் டிரெஸ்ஸிங் பாட்டில், கீழே முந்தைய நாள் பீட்சாப் பெட்டி. அமெரிக்க வாழ்க்கை எது என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. மையம் பரதநாட்டியமும் தீபாவளியும் கேட்டால் ஒரு தடவை செய்யலாம், அதுவும் நியூஜெர்சித் தீபாவளியாக: சில பள்ளி மாவட்டங்களே அன்று விடுமுறை விடுவதையும், பட்டாசுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் குழந்தைகள் கையில் மத்தாப்போடு நிற்பதையும் சொல்லி. ஒவ்வொரு வாரமும் இந்தியப் பண்பாட்டுக்கே இழுத்தால், தான் வந்தது எதற்கு என்று அன்போடு நினைவுபடுத்த வேண்டும்.

திரும்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே கிளப்பை நடத்த உள்ளூரில் இருவரைப் பழக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் தேர்வு வந்ததும் நின்றுவிடுவார். நடத்திய ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம்: தலைப்பு, தேவையான பொருள், நேரப் பிரிப்பு, எது எடுபடவில்லை. அந்தக் கோப்பையும், வரைபடத்தையும், டப்பாவில் எண்ணி வைத்த ஐம்பது நாணயங்களையும் ஒருங்கிணைப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டு வரட்டும். நாணயங்கள் ஒன்றிரண்டு தொலையும், அலபாமாவுக்கு மட்டும் இரண்டு கூடுதலாகப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.